இத்தாலியத் தனியார் தொலைக்காட்சியின் ஆரம்பகாலப் போட்டி நிகழ்ச்சிகள்: அந்தக் கூத்து யாருடையது?

வாசகர் ஒருவரின் கூற்று, 9 ஜனவரி 2021

"இத்தாலியில் தனியார் தொலைக்காட்சி என்பதே பெர்லுஸ்கோனி தொடங்கி வைத்த கூத்து. அரச தொலைக்காட்சி கண்ணியமாக வினாடிவினா நடத்திக்கொண்டிருந்தது. இவர் வந்தார், பெண்களின் ஆடையைக் களைய வைத்துப் போட்டி நடத்தினார், மக்கள் மயங்கிப் பின்னால் போனார்கள். இதற்கு மேல் அதில் ஆராய என்ன இருக்கிறது?"

9 ஜனவரி, இரவு

ஆராய நிறைய இருக்கிறது. இந்தக் கூற்றில் காலவரிசை தலைகீழாக நிற்கிறது.

அரச தொலைக்காட்சியான ராய் 1954 ஜனவரி 3 அன்று முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் ஏகபோக உரிமையை ஆரம்பத்தில் உரசிப் பார்த்தவர்களில் ஒருவர் பெப்போ சாக்கி. வட இத்தாலியில் கம்பளித் துணிக்குப் பெயர்போன பியெல்லா என்ற சிறு நகரில், 1970களின் தொடக்கத்தில், வீடுகளுக்குக் கம்பி இழுத்து தெலெபியெல்லா என்ற நிலையத்தை அவர் நடத்தினார். அரசு அதை 1973இல் மூடச் சொன்னது, வழக்கு நீதிமன்றங்களுக்குப் போனது. 1974இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் அளவில் கம்பிவழி ஒளிபரப்பை அனுமதித்தது. 1976 ஜூலையில், 202ஆம் எண் தீர்ப்பில், உள்ளூர் எல்லைக்குள் வான்வழி ஒளிபரப்பும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. கதவை நீதிமன்றம் திறந்தது. ஆனால் உள்ளே யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் சட்டத்தை நாடாளுமன்றம் 1990 வரை இயற்றவில்லை. நீங்கள் கூத்து என்று சொல்வது இந்த இடைவெளியில் முளைத்தது. அது முளைத்த பிறகுதான், ஊடக முதலாளியும் பின்னாளில் பிரதமருமான பெர்லுஸ்கோனியின் அலைவரிசைக்குக் கனாலே 5 என்ற பெயரே வருகிறது.

10 ஜனவரி

"அரச தொலைக்காட்சி கண்ணியமாக நடத்தியது" என்ற பகுதியை நேற்று தொடாமல் விட்டுவிட்டேன். ராய் நடத்திய முதல் பெரிய வினாடிவினா, மைக் பொஞ்ஜோர்னோ தொகுத்து வழங்கிய "லாஷா ஓ ராத்தோப்பியா". 1955 நவம்பரில் சனிக்கிழமை இரவுகளில் தொடங்கிய அது திரையரங்குகளைக் காலியாக்கியது. அரங்க உரிமையாளர்கள் முறையிட்டதால் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். அதன் பிறகும் பல அரங்குகள் படத்தை இடைநிறுத்தி, தொலைக்காட்சிப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்து, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு வினாடிவினாவைக் காட்டின. உச்சப் பரிசு 51 லட்சத்து 20 ஆயிரம் லீரா.

1959இல் அதே மேடைக்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் வந்தார். அவர் தேர்ந்துகொண்ட பாடம் காளான். காளான் பற்றிய கேள்விகளுக்கு விடை சொன்னதோடு, தண்ணீர்த் தொட்டியையும் வீட்டுச் சாமான்களையும் வைத்து ஓர் இசை நிகழ்ச்சியும் செய்து காட்டி, ஐம்பது லட்சம் லீரா வென்று போனார். அந்தப் பணத்தில் ஒரு பியானோவும், நண்பரின் நடனக் குழு ஊர் ஊராகப் போக ஒரு ஃபோக்ஸ்வாகன் வண்டியும் வாங்கினார். ஆகவே விசித்திரத்தைத் தனியார்தான் கொண்டுவந்தார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் ராயின் விசித்திரம் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தது. தொகுப்பாளர் போட்டியாளரை மரியாதையோடு விளித்தார், நோட்டரி ஒருவர் மேசையில் இருந்தார், விளம்பரம் நிகழ்ச்சிக்குள் காலடி வைக்கவில்லை. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

13 ஜனவரி

இப்போது அசல் கூத்துக்கு வருகிறேன்.

மிலானுக்கு வடமேற்கே லெஞ்ஞானோ என்ற தொழிற்சாலை நகரம் இருக்கிறது. அங்கே 1977 நவம்பரில் அன்தென்னா த்ரே லொம்பார்தியா என்ற நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொடங்கியவர்கள் ரென்சோ வில்லாவும், ராயில் பெயர் பெற்றிருந்த என்சோ தொர்த்தோராவும். மற்ற உள்ளூர் நிலையங்கள் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களில் ஒரு கமராவை வைத்துக்கொண்டு தடுமாறியபோது, இவர்கள் ஊர் மக்களையே உள்ளே உட்கார வைக்கக்கூடிய பெரிய கூடத்தைக் கட்டினார்கள். அந்தக் கூடத்தில் 1978 முதல் நடந்ததுதான் "லா புஸ்தரெல்லா". தொகுப்பாளர் எத்தோரே அந்தென்னா.

ஆட்டம் எளிது. மிலானைத் தலைநகராகக் கொண்ட லொம்பார்தியா மாகாணத்தின் சிற்றூர்கள் குழுக்களை அனுப்பும், ஒன்றோடொன்று மோதும். ஓட்டம், வழுக்கல், தண்ணீர், விழுந்து எழும்புதல், இடையிடையே இரட்டை அர்த்தப் பேச்சு. பார்வையாளர் வரிசை முழுக்க அந்தந்த ஊர்க்காரர். தங்கள் ஊர் தோற்றால் கத்துவார்கள், வென்றால் அதைவிடப் பலமாகக் கத்துவார்கள். மணிக்கணக்கில் போகும். எப்போது முடியும் என்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தாலும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதை நான் அந்தக் காலத்தில் நேரில் பார்க்கவில்லை. 1980களின் பிற்பகுதியில்தான் இலங்கையிலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வேலைக்கு நின்றேன். அவருடைய மூத்த மகன் 1970களின் இறுதியில் பிழைப்புக்காக வடக்கே போய், மிலான் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புஸ்தரெல்லாவைப் பற்றிப் பேசுவார். அவர் சொன்ன ஒரு விடயத்தை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்துப் பாரில் லொம்பார்தியர்கள் தங்கள் ஊர்க் குழுவுக்காக மேசையைத் தட்டிக்கொண்டு பார்க்கும்போது, தெற்கிலிருந்து போனவர்களுக்குக் கைதட்ட ஓர் ஊர் இல்லை. ஆகவே அவர்கள் எப்போதும் எதிர் ஊருக்குக் கைதட்டுவார்களாம். "நாங்கள் அந்தக் கூத்தை ரசித்தோம், ஆனால் அது எங்கள் கூத்து அல்ல" என்பார்.

அன்தென்னா த்ரேயில் பார்வையாளர் மனநிலையை இன்னும் வெளிப்படையாகக் காட்டும் ஒரு நிகழ்ச்சியும் இருந்தது. பாட வந்த புதுமுகத்தைப் பிடித்தால் பூவை எறியலாம், பிடிக்காவிட்டால் தக்காளியை எறியலாம்.

13 ஜனவரி, சற்றுப் பிறகு

தக்காளி உண்மையானதா என்று கேட்டிருக்கிறீர்கள். எறிபட்டவரைக் கேட்டால்தான் தெரியும்.

17 ஜனவரி

"ஊர்ப்பற்றைத் தனியார் நிலையம் கண்டுபிடித்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1959 முதல் 1962 வரை ராய் நடத்திய "கம்பனீலே சேரா" நிகழ்ச்சியில் இதே ஆட்டம் நடந்தது. வடக்கிலிருந்து ஓர் ஊர், தெற்கிலிருந்து ஓர் ஊர், இரண்டின் சதுக்கங்களிலும் கமரா, மிலான் அரங்கில் மைக் பொஞ்ஜோர்னோ. ஐரோப்பிய நாடுகளின் நகரங்கள் மோதிக்கொண்ட "ஜோக்கி சென்ஸா ஃப்ரொந்தியேரே" 1965இல் தொடங்கியது. அதற்கும் இத்தாலியின் சார்பில் புஸ்தரெல்லாவின் எத்தோரே அந்தென்னாவே தொகுப்பாளராக இருந்திருக்கிறார். இத்தாலியனுக்குத் தன் ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டு தெரியும் எல்லைதான் உலகம். திருவிழாவில் வழுக்குமரம் ஏறுவதும், ஓர் ஊர் இன்னோர் ஊரைக் கேலி செய்வதும் தொலைக்காட்சிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை.

புஸ்தரெல்லா செய்த புதுமை தூரத்தைக் குறைத்தது. கம்பனீலே சேராவில் வடக்கும் தெற்கும் மோதின, முழு நாடும் பார்த்தது. இங்கே மோதியவை ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கும் இரண்டு ஊர்கள். அடுத்த நாள் காலை ஒரே தொழிற்சாலை வாசலில் சந்திக்கப் போகிறவர்கள். உள்ளூர் எல்லைக்குள் மட்டும் ஒளிபரப்பலாம் என்று நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடே அந்த நிகழ்ச்சியின் உயிராகிப் போனது.

18 ஜனவரி

ஆடை களையும் போட்டி பற்றித் தனிக் குறிப்பு எழுதும்படி பலர் கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப்பற்றைப் பற்றிக் கேட்டவர் ஒருவர். இதைக் கேட்டவர்கள் பலர். சரி.

1970களின் இறுதியில் தூரின் நகரத்தின் தனியார் நிலையம் ஒன்றில் "ஸ்போல்யாமொச்சி இன்சியேமே" என்ற இரவு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் புதிருக்கு விடை சொல்வார்கள். விடை சரியானால் அரங்கில் இருக்கும் பெண் ஓர் ஆடையைக் களைவார். அந்தப் பெண்கள் தொழில்முறை நடனக்காரிகள் அல்லர், சாதாரண இல்லத்தரசிகள் என்பதே நிகழ்ச்சியின் விளம்பரம். ஃபியட் தொழிற்சாலையின் நகரம், விடியற்காலை வேலைக்கு எழும்ப வேண்டிய மக்கள், நள்ளிரவில் தொலைபேசியோடு.

இதில் என் கருத்து இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்தக் காலத்தை விடுதலையின் காலம் என்று கொண்டாடுகிறவர்கள், விவாகரத்துச் சட்டத்தை நீக்கக் கோரிய 1974 வாக்கெடுப்பு தோற்றதோடு இதையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். கண்டிக்கிறவர்கள், பெண்ணைப் பண்டமாக்கிய நீண்ட கதையின் முதல் அத்தியாயம் என்கிறார்கள். இரண்டு தரப்புமே அங்கே வந்து நின்ற பெண்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்பதில்லை. நான் வேலை செய்த வீட்டு அம்மா, மகன் இதைச் சொன்னபோது முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு கொடுத்தார்கள்?" மகனுக்குத் தெரியவில்லை. "அது தெரியாமல் என்ன கதை சொல்கிறாய்" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

21 ஜனவரி

பெர்லுஸ்கோனி எப்போது வருகிறார் என்ற கேள்விக்கு.

மிலானின் விளிம்பில் அவர் கட்டிய மிலானோ 2 என்ற குடியிருப்புக்குள் 1974இல் கம்பிவழி உள்ளூர் நிலையம் ஒன்று தொடங்கியது. 1970களின் இறுதியில் அது அவர் கைக்கு வந்து, தெலெமிலானோ 58 என்ற பெயரில் வான்வழி ஏறி, 1980இல் கனாலே 5 ஆனது. ராயின் முகமாகவே இருந்த மைக் பொஞ்ஜோர்னோ 1979–80 காலத்தில் அங்கே "இ சோஞ்ஞி நெல் கஸ்ஸெத்தோ" என்ற வினாடிவினாவைத் தொகுத்தார். ராயை அவர் உடனே விடவில்லை. 1982 வரை அங்கேயும் ஒரு கால் வைத்திருந்தார்.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி நாடா. நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்து, பிரதி எடுத்து, நாடெங்கும் உள்ள கூட்டாளி நிலையங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் குறித்த நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். சட்டத்தின் பார்வையில் அது பல உள்ளூர் ஒளிபரப்புகள். வீட்டில் இருப்பவரின் பார்வையில் ஒரே அலைவரிசை.

இந்த நாடாதான் கூத்தை முடித்தது என்பது என் வாதம். நேரடி ஒளிபரப்பில் நேயர் அழைக்கலாம், சண்டை பிடிக்கலாம், தக்காளி எறியலாம். சில நாள் முன்னமே பதிவாகி வண்டியில் போய்க்கொண்டிருக்கும் நிகழ்ச்சிக்கு யார் தொலைபேசி எடுப்பது? அதே நாடா பலெர்மோவிலும் தூரினிலும் ஓட வேண்டுமென்றால், லெஞ்ஞானோக்காரனுக்கு மட்டும் புரியும் கேலிக்கு அதில் இடமில்லை. ஒவ்வொரு விளம்பரமும் எந்த நொடியில் வரும் என்று விற்றாகிவிட்ட பிறகு, மணிக்கணக்கில் நீளும் ஆட்டத்துக்கும் இடமில்லை. ஆகவே முதல் கூற்றுக்கு மாறாக, பெர்லுஸ்கோனி கூத்தைத் தொடங்கி வைக்கவில்லை. அதற்கு முடி வெட்டி, முகம் கழுவி, சட்டை போட்டு உட்கார வைத்தார்.

27 ஜனவரி

மேலே எழுதியது சற்று ஒருபக்கமாகத் தெரிகிறது. அந்தச் சட்டை போட்ட நிகழ்ச்சிகளில்தான் நான் இத்தாலியம் கற்றேன், ஆகவே அவற்றுக்கும் ஒரு நன்றி சொல்லியாக வேண்டும்.

1982 செப்டம்பரில் கனாலே 5 நண்பகலில் "இல் ப்ரான்சோ எ செர்வீத்தோ" என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொகுப்பாளர் கொராதோ, அவரும் ராயிலிருந்து வந்தவர். இருவர் போட்டியிடுவார்கள், கேள்விகளுக்கு விடை சொல்லி, முதல் உணவு, இரண்டாம் உணவு, பாற்கட்டி, இனிப்பு, பழம் என்று ஐந்து பகுதியும் உள்ள முழு மதியச் சாப்பாட்டைச் சேர்ப்பவருக்கு வெற்றி. நண்பகல் என்பது அதுவரை தொலைக்காட்சியில் கிட்டத்தட்ட வெறும் நிலம். வீட்டில் அடுப்படியில் நிற்கும் பெண் பார்க்கக்கூடிய நேரம் அது என்றும், பாஸ்தாவும் சலவைத்தூளும் வாங்குகிறவர் அவர்தான் என்றும் விளம்பரம் விற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராயும் 1983இல் "ப்ரொந்தோ, ரஃபாயெல்லா" என்று அதே நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. கண்ணாடிச் சாடியில் எத்தனை அவரை விதை இருக்கிறது என்று நேயர்கள் தொலைபேசியில் ஊகிக்க வேண்டும். நாட்டின் அரச தொலைக்காட்சி விதை எண்ணியது, தனியார் தொலைக்காட்சி சாப்பாடு பரிமாறியது.

நான் வந்தபோது வீட்டில் ஓடியது "ஓகே, இல் ப்ரெட்ஸ்ஸோ எ ஜுஸ்தோ". அமெரிக்க நிகழ்ச்சியின் இத்தாலிய வடிவம். 1983 இறுதியில் ஜீஜி சபானியுடன் தொடங்கியது, 1987 முதல் பாடகி இவா ஸனிக்கி. ஒரு பொருளைக் காட்டுவார்கள், அதன் விலையைச் சொல்ல வேண்டும். உண்மை விலையைத் தாண்டாமல் மிக நெருங்கியவர் முன்னேறுவார். நான் வேலை செய்த வீட்டு அம்மா வாழ்நாள் முழுவதும் பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் பேரம் பேசி வாங்கியவர். திரையில் பாஸ்தா இயந்திரம் வந்தால், கையில் பாதி உரித்த கூனைப்பூவோடு கதிரையின் நுனிக்கு வந்து, தான் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையைச் சொல்வார். அரங்கில் உள்ளவர்கள் அதற்கு இரண்டு மடங்கு சொல்வார்கள். "திருடர்கள்" என்பார், மிலான்காரர்கள் முழுப்பேரையும் சேர்த்து. அந்த விலைகள் எல்லாம் கடைக்காரன் அட்டையில் எழுதும் விலை, பேரத்துக்குப் பின்வரும் விலை அல்ல என்பதை அவருக்கு நான் ஒருபோதும் விளக்க முயலவில்லை. எண்களைக் கற்றது அப்படித்தான். ஆயிரங்களும் லட்சங்களும் எனக்கு இத்தாலியத்தில் ஸனிக்கியின் குரலில்தான் இன்றைக்கும் கேட்கின்றன.

29 ஜனவரி

விளம்பரத்தைப் பற்றி இருவர் எழுதியிருப்பதால் இது.

ராயில் விளம்பரத்துக்குக் "கரொசெல்லோ" என்ற தனிக் கூண்டு இருந்தது: 1957 முதல் 1977 தொடக்கம் வரை, ஒவ்வொரு மாலையும், சிறு நாடகம் போல நடித்துவிட்டுக் கடைசியில்தான் பொருளின் பெயரைச் சொல்லலாம். கனாலே 5இல் மைக் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதே மேடையில், அதே குரலில், பன்றித்தொடை இறைச்சியின் மென்மையைப் பற்றிப் பேசுவார். பிறகு கேள்விக்குத் திரும்புவார். சிறிது காலத்தில் எது கேள்வி, எது இறைச்சி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே நமக்குப் போய்விட்டது.

மைக் இதற்குப் பொருத்தமானவர்தான். உம்பெர்த்தோ எக்கோ 1961இலேயே அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்: எந்த விதத்திலும் தம்மைவிட உயர்ந்தவராகத் தெரியாத ஒருவர் திரையில் நிற்பதால், பார்க்கிறவருக்குத் தாழ்வு மனப்பான்மை வருவதில்லை என்பது அதன் சாரம். கூர்மையான கட்டுரை, சற்றுக் கொடூரமானதும்கூட. ஆனால் போர்க்காலத்தில் விடுதலைப் போராளிகளுக்குச் செய்தி சுமந்து, பிடிபட்டு, மிலானின் சான் வித்தோரே சிறையில் கிடந்த மனிதர் அவர். அந்த ஆளுமையில் துளியைக்கூடத் திரையில் காட்டாமல் ஐம்பது ஆண்டுகள் நிற்பது சாதாரணத் திறமை அல்ல.

4 பிப்ரவரி

"நேரடித் தொலைபேசி அழைப்பு உள்ள உள்ளூர்க் கூத்து அத்தோடு செத்துவிட்டதா?" என்ற கேள்வி நியாயமானது. சாகவில்லை, ஏழையாகிப் போனது. பலெர்மோவில் நான் இருந்த ஆரம்ப ஆண்டுகளில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறு நிலையம், பிற்பகலில் தளபாடக் கடை ஒன்றிலிருந்தே புதிர்ப் போட்டி நடத்தியது. தொகுப்பாளர் விற்பனைக்கு வைத்த சோபாவில் உட்கார்ந்திருப்பார், பின்னால் வாடிக்கையாளர்கள் அலுமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அழைத்தேன். இணைப்புக் கிடைத்தது. அறையில் இருந்த தமிழ்ப் பெடியங்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கேள்வி, சிசிலியின் மிக உயர்ந்த மலை எது என்பது. "எத்னா" என்றேன். தொகுப்பாளர் என் உச்சரிப்பைக் கேட்டு எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அது பக்கத்து மாகாணமான கலாப்ரியாவில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பரிசு ஒரு சமையல் பாத்திரத் தொகுதி. வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனபோது கடையில் இருந்தவர், மெத்தை ஒன்று வாங்கினால்தான் பாத்திரம் தர முடியும் என்றார். பேச எனக்கு அப்போது போதிய இத்தாலியம் இல்லை. இன்று இருக்கிறது, கடை இல்லை.

6 பிப்ரவரி

பாத்திரக் கதைக்குச் சிரித்த அனைவருக்கும்: பெரிய நிலையங்களில் வென்றவர்களும் அறிவித்த தொகையை அப்படியே பெறவில்லை. இத்தாலிய வினாடிவினாக்களில் பரிசைப் பணமாகக் கொடுக்காமல் தங்கக் காசுகளாகக் கொடுப்பது ராய் காலத்திலிருந்து வந்த வழக்கம், பரிசுப் போட்டிகளுக்கான சட்டத்திலிருந்து வந்தது. வென்றவர் அந்தக் காசுகளை விற்றுத்தான் பணமாக்க வேண்டும். வரியும் கழிவும் போனால் கையில் வருவது குறைவு. தங்கம் என்றதும் நம் ஆட்கள் கண்ணை விரிப்பார்கள், இத்தாலியர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

14 பிப்ரவரி

பொருத்தமான நாள் பார்த்து "கோல்போ க்ரொஸ்ஸோ" பற்றிக் கேட்கிறீர்கள். முதல் கேள்வியை எழுப்பிய நண்பர் மனதில் வைத்திருந்ததும் அநேகமாக இதுதான்.

1987இல் தொடங்கியது. ஓடியது கனாலே 5இல் அல்ல. உள்ளூர் நிலையங்களைக் கோத்துக் கட்டிய இதாலியா 7 என்ற வலையமைப்பில், இரவு பிந்திய நேரத்தில். தொகுப்பாளர் உம்பெர்த்தோ ஸ்மைலா, வெரோனாவிலிருந்து வந்த நால்வர் நகைச்சுவைக் குழுவில் ஒருவர், பியானோ வாசிப்பவர். அரங்கம் ஒரு சூதாட்ட விடுதி போல அமைக்கப்பட்டிருக்கும். "சின் சின்" பெண்கள் ஆளுக்கொரு பழத்தின் சின்னத்தோடு வருவார்கள், பாட்டுப் பாடுவார்கள். போட்டியாளர் புள்ளி குறைந்தால் தம் ஆடையைக் களைந்தும் ஆட்டத்தைத் தொடரலாம்.

எங்கள் அறையில் அதைப் பார்க்காதவர் இல்லை, பார்த்ததாக ஒப்புக்கொண்டவரும் இல்லை. இன்று அதைத் திரும்பப் பார்த்தால் என்னைத் தாக்குவது அதன் ஒழுங்கு. எல்லாம் நேரப்படி நடக்கிறது. விளக்கு நேரத்துக்கு மங்குகிறது, இசை நேரத்துக்கு உயர்கிறது, ஸ்மைலா குமாஸ்தா ஒருவர் கோப்பைப் புரட்டுவது போல ஒவ்வொரு கட்டமாகக் கடந்து போகிறார். தூரினின் அந்த இரவு நிகழ்ச்சியில் அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதில் எல்லோருக்கும் தெரியும். ஆடை குறைவதால் கூத்து கூடிவிடுவதில்லை.

15 பிப்ரவரி

ஜெர்மனியிலிருந்து எழுதிய அக்காவுக்கு: ஆம், நீங்கள் நினைவுகூரும் "தூத்தி ஃப்ருத்தி" அதே நிகழ்ச்சிதான். 1990 முதல் 1993 வரை ஆர்டிஎல் ப்ளுஸ் அலைவரிசையில், ஹூகோ ஏகோன் பால்டர் தொகுத்தார்; ஜெர்மானியர்கள் தனி அரங்கம் கட்டாமல், இத்தாலிக்கு வந்து கோல்போ க்ரொஸ்ஸோவின் அரங்கிலேயே பதிவு செய்துகொண்டு போனார்கள். புள்ளி எப்படிக் கூடுகிறது என்பது கடைசி வரை யாருக்கும் புரியவில்லை என்பது ஜெர்மனியில் பிரபலமான பகிடி. உங்கள் கணவர் விதிமுறைகளைப் படிக்கத்தான் பார்த்தார் என்று சொல்வதை நம்புங்கள், அக்கா, அவருக்கும் புரிந்திருக்காது.

28 பிப்ரவரி

நாடாதான் கூத்தை முடித்தது என்ற என் வாதத்தை மிலானில் வசிக்கும் ஒருவர் மறுத்திருக்கிறார். அன்தென்னா த்ரேயைச் சாய்த்தது நாடா அல்ல, விளம்பரக் காசு என்கிறார். பெர்லுஸ்கோனியின் விளம்பர நிறுவனமான புப்ளிதாலியா, தேசிய நிறுவனங்களோடு பெரும் பேரம் பேசியது. லெஞ்ஞானோவின் நிலையத்துக்கு மிஞ்சியது பக்கத்து ஊர்த் தளபாடக் கடை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது: நாடு முழுவதும் ஓடும் நாடா இல்லாமல் தேசிய விளம்பரம் வராது, தேசிய விளம்பரம் இல்லாமல் மைக்குக்கும் கொராதோவுக்கும் ராயை விட்டு வரும் அளவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அன்தென்னா த்ரேயை அந்தக் கணக்கில் சேர்க்கவே வழியில்லை, அது தன் ஊர்களை விட்டு நகராத நிலையம்.

அவர் தந்த இன்னொரு திருத்தம் முக்கியமானது. 1984 அக்டோபர் 16 அன்று தூரின், ரோம், பெஸ்காரா நீதவான்கள் அந்த நாடா ஏற்பாடு சட்டவிரோதம் என்று சொல்லி, தங்கள் பகுதிகளில் பெர்லுஸ்கோனியின் அலைவரிசைகளை நிறுத்தினார்கள். நான்கு நாளில், அக்டோபர் 20 அன்று, பிரதமர் பெத்தீனோ க்ராக்ஸி ஒரு ஆணையால் அவற்றை மீண்டும் ஓட வைத்தார். அந்த ஆணையை நவம்பரில் நாடாளுமன்றம் நிராகரிக்க, டிசம்பரில் இன்னொன்று வந்தது, அது 1985 தொடக்கத்தில் சட்டமானது. நிறுத்தம் வந்த பகுதிகளில் மக்கள் கோபப்பட்டது செய்திகளுக்காக அல்ல, அரசியல் விவாதங்களுக்காகவும் அல்ல. குழந்தைகளுக்கு நீலக் குள்ளர் கார்ட்டூன் போயிற்று, பெரியவர்களுக்குத் தொடர் நாடகங்களும் போட்டிகளும் போயின. சிசிலியில் நிறுத்தம் இல்லை; எங்கள் அம்மா அதைப் பத்திரிகையில்தான் படித்திருக்கிறார்.

1 மார்ச்

கடைசியாக வந்த கேள்வி: புஸ்தரெல்லாவை இன்று எங்கே பார்க்கலாம்? இணையத்தில் துண்டுகளாகக் கிடைக்கிறது, அந்தென்னாவின் பெயரோடு தேடுங்கள். படம் மங்கல், ஒலி இரைச்சல். பார்க்கும்போது நடுவில் விழுந்து எழும்புகிறவர்களை விட்டுவிட்டு, பின்வரிசையைப் பாருங்கள். யாரோ ஒருவர் எப்போதும் எழுந்து நின்று, நடுவரை நோக்கிக் கை நீட்டிக் கத்திக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார். கனாலே 5இன் நாடாக்களில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.